காற்றுக்குக் காத்திருந்த காதுக்கு

வயிறறிந்த வாஞ்சையே! வார்டின் விழித்த செவியே! கத்தி பட்ட குடல்களுக்கெல்லாம் காவல் நின்று கால் கடுத்து, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தலைமைச் செவிலியரே!

வணக்கம். காலைப் பணி முடித்து, முகம்கூடக் கழுவாமல் வந்து வாசிக்கிறோம்; நடுவில் கொட்டாவி வந்தால் பொறுத்தருள்க. முப்பத்து மூன்று ஆண்டுகள் அறுவை வார்டில் நடந்த தங்களுக்கு இந்த அலுப்பை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. தங்களுக்குத் தெரிந்த கதையைத் தங்களிடமே சொல்வானேன்? அவையோருக்குச் சொல்கிறோம். சற்றே காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

அவையோரே! வாய் மென்றதை உணவுக்குழல் பிசைந்து தள்ள, இரைப்பை அமிலமூற்றிக் கூழாக்க, சிறுகுடல் சத்தை உறிஞ்ச, பெருங்குடல் நீரை இழுத்துக்கொள்ள, ஏவுவாரின்றி நாளெல்லாம் நெளிந்து நெளிந்து உழைக்கிறது இருபதடிக்கு மேல் நீண்ட அந்தக் குழாய். லீவு கேட்காத ஒரே ஊழியர் குடல்தான் என்பார் எங்கள் சிஸ்டர். ஆனால் வயிற்றைத் திறந்து ஒருமுறை கைவைத்துவிட்டால் கோபித்துக்கொண்டு படுத்துவிடும். முதலில் சிறுகுடல் எழும், பிறகு இரைப்பை. பெருங்குடலோ மூன்று நாளாவது முரண்டு பிடிக்கும். அது எழுந்ததற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. அதுவரை எங்கள் வார்டில் ஒரு வாய் உணவு கிடையாது.

சிஸ்டர் பணிக்கு வந்த இரண்டாம் ஆண்டு, குடல் அறுவை முடிந்து ஒரு தச்சர் படுத்திருந்தார். இன்னும் ஏழு கட்டில்கள் பார்க்க வேண்டிய அவசரத்தில், வாசலில் நின்றபடியே கேட்டார் சிஸ்டர்: "என்னண்ணே, காத்து வருதா?"

தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார் தச்சர். "ஜம்முனு வருது சிஸ்டர்!"

அதை நம்பி அவருக்கு மதியச் சாப்பாடு போயிற்று. மாலைக்குள் வயிறு மத்தளமாக உப்பி, பச்சைப் பச்சையாய் வாந்தி. மூக்கில் குழாய் விட்டுப் பதினாறு நாள் இழுபறிக்குப் பின் பிழைத்தார். வார்டே விழுந்து விழுந்து சிரித்து, 'காத்து சிஸ்டர்' என்று பெயரும் வைத்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. அன்று முதல் எவர் வாய்ச்சொல்லையும் நம்பாமல், கட்டிலருகே நின்று, ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்து, கடிகாரம் பார்த்து முழுதாக ஐந்து நிமிடம் கேட்பார். எங்களையும் நிற்க வைத்தார். இடுப்பு விட்டுப்போகும், உள்ளுக்குள் நாங்கள் திட்டாத நாளில்லை.

சென்ற மாதம் குடல் முறுக்கிக்கொண்டு ஒன்பதாம் கட்டிலில் அவரே படுத்தார். அறுவை முடிந்து நான்கு நாளாகியும் வயிற்றில் சத்தமில்லை. ஐந்தாம் நாள் மாலைக்குள் அசையாவிட்டால் மறுபடி திறப்பதென்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு கத்தியை அந்த உடம்பு தாங்காதென்று எங்களுக்கு உயிரே இல்லை.

அந்த ஐந்தாம் நாள் காலை எங்களில் ஒருத்தி அருகில் போய்க் கேட்டாள். "அக்கா, காத்து பிரிஞ்சுதா?"

"பிரிஞ்சிடுச்சும்மா. ஒரு வாய் ஏதாச்சும் குடு."

ஐந்து நிமிடம் காது வைத்தாள். ஒன்றுமே இல்லை.

"பொய் சொல்றீங்கக்கா."

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "ரொம்ப அசந்துபோச்சும்மா. அந்த தச்சு வேலைக்காரர் பொய்கூடச் சொல்லலை. நான்தான் வாசல்ல நின்னே கேட்டேன்."

முப்பத்தொரு வருஷமாக அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறார்! எங்களுக்கு அழுகை வந்துவிட்டது. அரைமணிக்கொரு தரம் ஆள் மாற்றி ஆள் நின்று கேட்டோம். பிற்பகல் மூன்றரை மணிக்கு, நான்காம் நிமிடத்தில், மெல்ல 'களக்' என்றது. சற்று நேரத்தில் ஸ்டெதாஸ்கோப்பே தேவைப்படாமல், அடுத்த கட்டில்காரரும் திரும்பிப் பார்க்கும்படி மிச்சமும் கேட்டது. டாக்டர் அறுவை அரங்குக்குச் சொல்லியிருந்ததை ரத்து செய்தார்.

பொறுமையின் பெருவடிவே! உண்டது செரித்து, உறக்கம் நிறைந்து, உரிய நேரத்தில் உரியது பிரிந்து, தாங்கள் பல்லாண்டு நலமுடன் வாழ வேண்டும். அந்தத் தச்சருக்காகத் தாங்கள் நின்றது போதும் அக்கா, உட்காருங்கள். அந்த ஐந்து நிமிடமும் இனி நாங்கள் நிற்கிறோம்.

இங்ஙனம்,
வாசலில் நின்று கேட்காத
அறுவை வார்டுப் பணியாளர்கள்