யதீசனுக்குப் போட்ட மாலை

நள்ளிரவு தாண்டிவிட்டது. சிங்கப்பூர் தேக்காவில் கடையெல்லாம் அடைத்தாயிற்று. பின்சந்தில் ஈ காக்கை கிடையாது... ஜாஃபர், சிரிக்காதே. இது நம்ம வர்ஷாவின் அண்ணன் சரத்துக்கு நடந்தது.

சரத் படம் எடுப்பவன். அன்று எடுத்தது துப்பாக்கியே வராத போர்ப் படம். ஈழத்தில் காணாமல் போன தம்பிக்காக ஓர் அக்கா காத்திருக்கிறாள், அவ்வளவுதான் கதை. சுவரில் மாட்ட நிஜமான புகைப்படத்தையே இரவல் வாங்கினான். தோ பாயோவில் இருக்கும் இராசமலர் அக்காவின் தம்பி யதீசன், கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். இத்தனை வருடமாக அந்தப் புகைப்படத்துக்கு அக்கா ஒரு பொட்டுகூட வைத்ததில்லை.

"மாலை மட்டும் போட்டிடாதேங்கோ தம்பி. அவன் செத்திட்டானெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"சத்தியமா போட மாட்டேன்க்கா."

போட்டான். கடைசிக் காட்சி வெறுமையாகத் தெரிந்ததாம். மல்லிகை மாலை வாங்கி வந்து மாட்டினான்.

"ஒரே ஒரு ஷாட்தான்லா. அக்காகிட்ட அப்புறம் பேசிக்கலாம்" என்றானாம் கேமராக்காரரிடம்.

கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

படப்பிடிப்பு முடிந்ததும் மாலையைப் பின்சந்துக் குப்பைத்தொட்டியில் போட்டான். புகைப்படத்தைப் பையில் வைத்துக்கொண்டு அந்தச் சந்தில் நடந்தான்.

பின்னால் ஒரு சத்தம்... சளக். அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி... சளக். ஒரு காலில் மட்டும் நனைந்த செருப்பு. மறுகால் வெறுங்கால். இவன் நின்றால் அதுவும் நிற்கிறது. பிறகு குப்பைத்தொட்டியின் மூடி மெல்லத் திறந்து, மூடியது. மல்லிகை வாசம் வந்தது. கூடவே சேற்று நாற்றம். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஓடிவிட்டான்.

விடிந்ததும் தோ பாயோவுக்குப் போனான். மணியை அழுத்துவதற்குள் அக்காவே கேட்டைத் திறந்தார். அழுது வீங்கிய முகம். கையில் அதே மாலை.

"யதீசன் ராத்திரி வந்தவன், தம்பி. கேட்டு பூட்டினபடியே கிடந்தது. உள்ளுக்க வந்து நிண்டான். மாலையை என்ர கையில தந்திட்டு, 'வேற ஆரும் போட வேண்டாம். நீயே போடு அக்கா' எண்டான்."

சரத் பையைத் திறந்து புகைப்படத்தை நீட்டினான். அக்கா புகைப்படத்தை வாங்கி, முந்தானையால் துடைத்து, சுவரில் மாட்டி, தன் கையாலேயே மாலையைப் போட்டார். அதன் பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

விட்டால் போதும் என்று சரத் வெளியே வந்தான். செருப்பை மாட்டக் குனிந்தான். அவனுடைய ஜோடிக்குப் பக்கத்தில் இன்னொரு ரப்பர் செருப்பு கிடந்தது. இடது கால் மட்டும். சேறு இன்னும் காயவில்லை.