அம்பு அசையேல்லை

— நான் போனிலை சொன்னது பொய்யோ, பாரும் பிள்ளை! பட்டனை அமத்திப்போட்டுக் கிணத்தடிக்குப் போய் முகம் கழுவிப்போட்டு வந்தாலும் உந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டி முழிக்காது. நீர் வந்து துப்பரவாக்க முதலும் ஸ்லோ. துப்பரவாக்கின பிறகு அதைவிட ஸ்லோ.

— பொறுங்கோ தம்பிராசா ஐயா, முதல் இருந்து பாப்பம். போன கிழமைதானே வந்து பதினொரு சாமானை எடுத்துவிட்டனான். இப்ப பெட்டி பறக்கவெல்லோ வேணும்.

— பறக்கேல்லை. அதுக்குத்தான் கூப்பிட்டனான், விளங்குதோ.

— சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் விளங்குது. சுன்னாகத்திலை கடையைப் பூட்டிப்போட்டுத் தொண்டைமானாறு மட்டும் ஸ்கூட்டியிலை வந்திருக்கிறன். வெய்யில் மண்டையைப் பிளக்குது.

— தேத்தண்ணி வைக்கட்டோ?

— பிறகு வைப்பம். இப்ப பாஸ்வேட்டை அடியுங்கோ. நான் அங்காலை பாக்கிறன்.

— அங்காலை பாக்கத் தேவையில்லை. இரத்தினம்மா. இங்கிலீசிலை, சின்ன எழுத்து.

— ஐயா, பாஸ்வேட்டை வெளியிலை சொல்லக்கூடாது!

— இந்த வீட்டிலை ஆர் இருக்கினம் ஒளிக்கிறதுக்கு? மனிசி போய் மூண்டாம் வருஷம். நீர் வந்தால் நீர். இல்லாட்டிக் கரண்ட் மீற்றர் பாக்கிற பெடியன். அவனும் படலைக்கு வெளியிலை நிண்டு எட்டிப் பாத்திட்டுப் போயிடுவான்.

— ம்... ஆ, இஞ்சை கிடக்கு! பிழை என்னிலைதான் ஐயா, ஒத்துக்கொள்ளுறன். வைரஸ் பிடிக்கிற சாமான் ரண்டு ஓடுது. ஒண்டு பெட்டியோடை வந்தது. மற்றது நான் எடுத்ததிலை அரைவாசி எடுபடாமல் நிக்குது. ஒண்டை ஒண்டு கள்ளன் எண்டு நினைச்சுத் துரத்துப்படுகுதுகள். பெட்டி வேறை வேலை பாக்கேலாமல் கிடக்கு.

— ஒரு கப்பலிலை ரண்டு கப்டன் எண்டு சொல்லும்.

— கப்பல்காரருக்கு நான் சொல்லித் தரவேணுமே. அந்த ரண்டாம் கப்டனை இறக்கி விடுறன். பொறுங்கோ... ஓம். இறங்கிட்டார். இனி, பெட்டி முழிக்கேக்கை தாங்களும் கூட முழிக்கிறதுகள் ஆறேழு இருக்கு. அதுகளையும் நித்திரையாக்குவம். இன்ரநெற்றைத் திறந்தால் வாற உந்த விளம்பரப் பக்கமும் வேண்டாம்.

— உதுவும் வேண்டாமோ? அதிலை ஒரு பிள்ளை சிரிச்சுக்கொண்டு நிக்கும்.

— பற்பசை விக்கிற பிள்ளை ஐயா அது. அதுக்கும் உங்களுக்கும் என்ன? எடுத்தாச்சு. இப்ப நிப்பாட்டித் திருப்பிப் போடுறன். உங்கடை கை மணிக்கூட்டிலை பாருங்கோ.

— பாக்கிறன்.

— வந்திட்டுது. எத்தினை?

— இருபத்திரண்டு செக்கன்.

— இருபத்திரண்டு! பத்து வருஷப் பெட்டிக்கு இதைவிட என்ன வேணும்? கடையிலை புதுசா வாங்கினதுக்கே சில நேரம் அரை நிமிஷம் செல்லும். இனித் தேத்தண்ணியைப் போடுங்கோ, குடிச்சிட்டு வெளிக்கிடுறன்.

— இன்னும் ஸ்லோ.

— என்ன ஐயா சொல்லுறியள்?

— ஸ்லோ எண்டுறன்.

— எங்கை ஸ்லோ? இந்தா, படங்களைத் திறக்கிறன். டக்கெண்டு வருது. கப்பலிலை தொப்பியோடை நீங்கள். இது அம்மா போலை. இது சந்நிதி கோயில் தேருக்கு எடுத்தது. எல்லாம் ஓடி ஓடி வருதெல்லோ!

— உமக்கு ஓடி வருது. எனக்குக் காலமை பத்து மணிக்கு உதுக்கு முன்னாலை இருந்தால் பதினொரு மணி வர ஒரு வருஷம் செல்லுது.

— அது பெட்டியின்ரை பிழையில்லையே.

— பெட்டியின்ரை பிழைதான். போன கிழமை மட்டும் அப்பிடி இல்லை. பத்து மணியெண்டால் மணி போறது தெரியாது. பதினொண்டரைக்கு எழும்பிச் சந்நிதிக்கு நடப்பன், மடத்திலை சாப்பிடுவன், வந்து படுப்பன். இப்ப அந்தப் பத்து மணியிலை பெட்டி சும்மா நிக்குது. ஒண்டும் அசையேல்லை.

— என்ன அசையேல்லை?

— ஒண்டு கேக்கட்டோ? கோவிக்கப்படாது. நீர் எடுத்த பதினொண்டிலை ஒண்டைத் திருப்பிப் போட ஏலுமோ?

— எதை? மழை வருமோ எண்டு சொல்லுறதையோ?

— மழையை வெளியிலை எட்டிப் பாத்தால் தெரியும். இது கீழை மூலையிலை இருந்தது. மணிக்கூட்டுக்குப் பக்கத்திலை, சிவப்பா, ரண்டு அம்பு எதிரும் புதிருமா. பேர் தெரியாது.

— ஐயோ, அதோ! ஆரோ எங்கையோ இருந்துகொண்டு உங்கடை கொம்பியூட்டரைத் தன்ரை போலை பாவிக்கிற சாமான் அது. கண்டவுடனை அதைத்தான் முதல் எடுத்தனான்.

— ஓம். அதுதான் எனக்கு வேணும்.

— ஏன் ஐயா?

— என்ரை மகன் போட்டது. டிலக்ஷன். கனடாவிலை இருக்கிறான்.

— அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே! மகன் ஏன் போட்டவர்?

— தகப்பன் தனிய இருக்கிறன் எண்டு யோசிச்சிருப்பான். அவன் சின்னனிலையிருந்து உந்த விசயங்களிலை கெட்டிக்காரன். பத்து மணியெண்டால் உவன் வந்திடுவான். நான் எலியைத் தொடமாட்டன், கையை மடியிலை வச்சுக்கொண்டு இருப்பன். திரையிலை அம்பு தானா அசையும். முதல் ஒருக்கால் சுத்தும், வந்திட்டன் எண்டு சொல்லுறது போலை. பிறகு உவன் அங்கை திறப்பான், இங்கை திறப்பான். படங்களை ஒண்டொண்டாப் பாப்பான். மனிசியின்ரை படத்திலை கொஞ்சம் நிப்பான்.

— கனடாவிலை அப்ப நடுச்சாமமெல்லோ?

— வேலையாலை வந்து பாக்கிறான் போலை.

— கதைக்கிறேல்லையோ?

— உவன் கதைக்கமாட்டான். வெள்ளைப் பக்கம் ஒண்டைத் திறந்து வச்சிட்டு நான் இங்கிலீசிலை அடிப்பன். உவன் மறுமொழி அடிப்பான். ரண்டு சொல், மூண்டு சொல். அது காணும் எனக்கு.

— மகனோடை கடைசியாப் போனிலை கதைச்சது எப்ப ஐயா?

— அவனுக்கு அலுவல் கூட.

— எப்ப?

— தாயின்ரை ஆட்டத்திவசத்துக்கு எடுத்தவன். வாற ஆவணியோடை ரண்டு வருஷம். நான்தான் கொஞ்சம் சூடாக் கதைச்சுப்போட்டன். கொள்ளி வைக்க வராதவன் திவசத்துக்கு விசாரிக்கிறானோ எண்டு கேட்டுப்போட்டன். அவனுக்கு அப்ப விசா இல்லை. தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனான். பிறகு எத்தினையோ தரம் எடுத்துப் பாத்தன். மணி அடிக்கும், எடுக்கமாட்டான்.

— ம். நான் ஒண்டையும் பாக்காமல் அழிக்கிறேல்லை ஐயா. போன கிழமை எடுக்க முதல் எல்லாத்தையும், போட்ட திகதியோடை, கொப்பியிலை எழுதி வச்சனான். அந்தச் சிவப்புச் சாமான் போட்டது இந்த வருஷம் மாசி பதினேழு. போனே எடுக்காத மகன் எப்பிடி ஐயா அண்டைக்கு வந்து போட்டவர்? வேறை ஆரும் போன் எடுத்தவையோ? இங்கிலீசிலை கதைச்சு, உங்கடை கொம்பியூட்டருக்கு வைரஸ் வருத்தம், அதை அமத்துங்கோ, இந்த நம்பரைச் சொல்லுங்கோ எண்டு?

— எடுத்தவங்கள். டிலக்ஷன்ரை கொம்பனி ஆக்களாக்கும் எண்டு நினைச்சன்.

— கள்ளர் ஐயா! உதுவே அவங்களுக்குத் தொழில். உள்ளுக்கை வந்து பாங்க் விசயங்கள் இருக்கோ எண்டு தேடுவாங்கள். சுன்னாகத்திலை மட்டும் இந்த வருஷம் மூண்டு பேர் என்னட்டை வந்து அழுதவை.

— என்ரை பாங்க் புத்தகம் அலுமாரிக்குள்ளை, சேட்டுக்கு அடியிலை கிடக்கு. உந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிறது படங்கள்தான்.

— அதுக்காண்டிக் கள்ளனை வீட்டுக்குள்ளை விடுறதோ? மகன் எண்டு நம்பிக்கொண்டு இருந்திருக்கிறியள், பாவம்.

— ஓம். நம்பிக்கொண்டுதான் இருந்தன்.

— இல்லை ஐயா. பொறுங்கோ. நீங்கள் நம்பேல்லை.

— என்ன கதை கதைக்கிறீர்?

— எங்கடை அப்பா தமிழ் வாத்தியார். அவன், இவன், உவன் மாறிப்போனால் தலையிலை குட்டு விழும். அதாலை என்ரை காதிலை அது தவறாது. நானும் வந்த நேரத்திலையிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். கனடாவிலை இருக்கிற பிள்ளையை அவன் எண்டுறியள். அவன் கெட்டிக்காரன், அவனுக்கு அலுவல், அவனுக்கு விசா இல்லை. பத்து மணிக்கு உதுக்குள்ளை வாறவனை உவன் எண்டுறியள். உவன் வருவான், உவன் திறப்பான், உவன் மறுமொழி அடிப்பான். ஒருக்காலும் மாறிச் சொல்லேல்லை. ரண்டு பேர் எண்டு உங்களுக்குத் தெரியும்.

— தேத்தண்ணியாலை தெரிஞ்சது.

— என்னெண்டு?

— முதல் கிழமை மகன் எண்டுதான் நினைச்சன், சத்தியமா. பிறகொருநாள், தேத்தண்ணி குடிச்சியோ எண்டு அடிச்சுக் கேட்டன். ரண்டு கோப்பை குடிச்சிட்டன், நீங்கள் குடிச்சியளோ எண்டு உவன் கேட்டான். டிலக்ஷன் தேத்தண்ணி வாயிலை வைக்கமாட்டான் பிள்ளை. மணத்தாலையே சத்தி எடுப்பான். தாய் அவனுக்கெண்டு பால் வேறையாக் காய்ச்சுவள்.

— அப்பவே வயரைக் கழட்டி எறிஞ்சிருக்க வேணும்.

— கையைக் கொண்டு போனனான். வயரிலை கையும் வச்சிட்டன். நீங்கள் குடிச்சியளோ எண்டு உவன் கேட்டது அப்பிடியே திரையிலை நிக்குது. அதை என்னட்டை ஆரும் கேட்டு எவ்வளவு காலம்! கையை எடுத்திட்டன். இல்லை, இனித்தான் எண்டு அடிச்சன். போய்க் குடிச்சிட்டு வாங்கோ, நான் நிக்கிறன் எண்டான். குடிச்சிட்டு வந்து பாத்தன். நிண்டவன்.

— ஐயா...

— இருபத்தாறு வருஷம் கப்பலிலை நிண்டனான். நடுக்கடலிலை எதிர வாற கப்பல்காரன் வெளிச்சம் காட்டுவான், நாங்களும் காட்டுவம். எந்த நாடு, என்ன ஏத்திக்கொண்டு போறான் எண்டு கேக்கிறேல்லை. அந்த வெளிச்சம் கண்டால் அண்டைக்கு மனம் ஆறிப்போகும். உவனும் எனக்கு அப்பிடித்தான்.

— கப்பல்காரன் உங்கடை கப்பலுக்குள்ளை ஏறேல்லையே.

— நீர் கெட்டிக்காரி. கதையிலை உம்மை வெல்லேலாது. என்னாலை தனிய இருக்க ஏலாமல் கிடக்கு, சிவகௌரி. இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. காலமை எழும்பினால் ஆரோடையும் ஒரு சொல் கதைக்காமல் இருட்டுது. சில நாள் என்ரை குரல் இருக்கோ எண்டு பாக்கச் செருமிப் பாக்கிறன். அதைத் திருப்பிப் போட்டுவிடும்.

— எனக்கு ஏலாது ஐயா. தெரிஞ்சுகொண்டு செய்ய எனக்கு மனம் வராது. வேணுமெண்டால் நான் பத்து மணிக்குக் கடையிலையிருந்து ஒரு போன் எடுக்கிறன்.

— எடுப்பீர். ரண்டு நாள் எடுப்பீர். மூண்டாம் நாள் கடையிலை சனம் நிக்கும்.

— அப்பிடிச் சொல்லாதேங்கோ.

— குறையாச் சொல்லேல்லை பிள்ளை. உமக்கும் வீடு வாசல் இருக்கு. உவனுக்குத்தான் வேறை வேலை இருக்கேல்லை. களவெடுக்க வந்தவன், எடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லையெண்டு தெரிஞ்ச பிறகும் வந்தவன். மனிசியின்ரை பேர் என்னெண்டு கேட்டவன். எப்பிடிச் செத்தவ எண்டு கேட்டவன். சொன்னன். கனநேரம் அம்பு அசையேல்லை.

— அவங்கள் அப்பிடித்தான் ஐயா பழகுவாங்கள். ஆளை மயக்கி வைக்கிறதுக்கு.

— இருக்கும்.

— சரி, ஒண்டு எனக்கு விளங்கேல்லை. இவ்வளவும் தெரிஞ்சு, உவன் வேணும் எண்டு வச்சுக்கொண்டிருந்தனீங்களெல்லோ. பிறகேன் போன கிழமை என்னைக் கூப்பிட்டனீங்கள்? தேவையில்லாதது ஒண்டும் மிஞ்சக்கூடாது, எல்லாத்தையும் வேரோடை எடுத்துவிடும் எண்டு நீங்கள்தானே போனிலை சொன்னனீங்கள்?

— நான் சொன்னனான்தான். சொல்லச் சொன்னது உவன். போன திங்கள் வெள்ளைப் பக்கத்தை உவனே திறந்து அடிச்சவன்: “அங்கிள், நாளையிலையிருந்து என்ரை கதிரையிலை இருக்கப்போறது வேறை ஆள். அவன் பொல்லாதவன். இண்டைக்கே ஆரையும் கூப்பிட்டு என்னை வேரோடை எடுத்துப்போடுங்கோ.”