மரத்தடி காலி

அலங்காநல்லூர் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். வானம் இருட்டி ஓர் இடி இடித்ததும், மீசைக்காரர் பதறிப்போய் மனைவிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான்.

"ஏய், காளை மரத்தடியில நிக்குதே, மின்னல் கின்னல் விழுந்துறப் போகுது! அவுத்து வீட்டுக்குள்ள கட்டு."

"கட்டிட்டேன்."

"பகலெல்லாம் வெக்கையில கெடந்துச்சே, தண்ணி காட்டுனியா?"

"காட்டிட்டேன்."

"இடிச் சத்தத்துக்கு மிரளுதா?"

"இல்ல."

பக்கத்திலிருந்தவருக்குப் பொறுக்கவில்லை.

"மாப்ள, தங்கச்சி எங்க நிக்குதுன்னும் ஒரு வார்த்தை கேளு."

மீசைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆமா, நீ எங்க இருக்க?"

"நானும் உள்ளதான் இருக்கேன். காளைக்கும் எனக்குமே எடம் சரியாப் போச்சு. நீங்க வந்தா மரத்தடி காலியாத்தான் கெடக்கு."