நிறுத்தக் காரணம் இல்லை

எரியாத பின்விளக்கைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பத்தொன்பது வருடம் போக்குவரத்துப் போலீஸாகச் சாலையில் நின்றவனுக்கு வரும் வியாதி அது. வீட்டுக்கு வருகிறவர்களின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ‘வாங்க’ என்றே சொல்வேன் என்று அக்கா கேலி செய்வாள். அதனால், கிளப்பின் காவலாளி உங்களிடம் சொன்னது உண்மைதான், ஐயா. வக்கீலின் காருக்குப் பல்பு மாற்றியது நான்தான்.

ஏன் மாற்றினேன் என்று கேட்கிறீர்கள். அதற்கு மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

ஓடும் வண்டியை மறிக்க, வாய்விட்டுச் சொல்லக்கூடிய காரணம் ஒன்று வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. குடித்த வாடை காரணம் ஆகாது. வண்டி நின்று, கண்ணாடி இறங்கிய பிறகுதான் வாடையே வரும். ஒருநாள் சாயங்காலம் ஒரு மர வியாபாரியின் காரை மறித்தேன். ஊதச் சொன்னேன். அளவு எக்கச்சக்கமாகக் காட்டியது. வண்டியை ஏன் நிறுத்தினேன் என்ற இடத்தில், ‘வண்டி தள்ளாடியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒற்றைச் சொல்லைத்தான் கோர்ட்டில் வியாபாரிக்காக வாதாடிய இந்த வக்கீல் பிடித்துக்கொண்டார்.

“தள்ளாடுறது மனுஷன் செய்ற வேலையாச்சே. வண்டி எப்படிங்க தள்ளாடும்?” என்றார்.

“நடுக்கோட்டைத் தாண்டுச்சுங்க.”

“தாண்டுச்சா, தொட்டுச்சா?”

“தொட்டுச்சு.”

“எத்தனை தடவை?”

“ஒரு தடவை. ரெண்டு இருக்கலாம்.”

“ஒன்னா, ரெண்டா? இல்ல, அன்னிக்குத் தள்ளாடினது நீங்கதானா?”

கோர்ட்டே சிரித்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள்கூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீதிபதியைக் குறை சொல்லமாட்டேன். ஒரு தடவை கோட்டைத் தொட்டதெல்லாம் வண்டியை நிறுத்தக் காரணம் ஆகாது. காரணமில்லாமல் நிறுத்திய பிறகு கிடைத்த எதையும், ஊதிய அளவையும் சேர்த்து, பார்க்க முடியாது என்று சொல்லி வியாபாரியை விடுவித்தார். ஓட்டுநர் தள்ளாடிக்கொண்டு வண்டியில் ஏறுவதை அதிகாரி கண்ணால் பார்த்திருந்தால் அது வேறு விஷயம் என்றும் ஒரு வரி சேர்த்தார். நகல் வாங்கி வைத்திருக்கிறேன். அநேகமாக மனப்பாடம்.

முப்பத்தெட்டு நாள் கழித்து, அதே மர வியாபாரி அதே காரைப் பேருந்து நிறுத்தம் ஒன்றில் ஏற்றினான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் வேலை முடித்துவிட்டு என் அக்கா அங்கே நின்றிருந்தாள். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். வியாபாரியும் ஸ்டீரிங்கில் நெஞ்சு மோதி அங்கேயே போய்ச் சேர்ந்தான். என் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்தது வக்கீல்.

அவரைக் கோர்ட்டு வராந்தாவில் ஒருதரம் பார்த்தேன். நல்ல மனிதர்தான். அவரே பக்கத்தில் வந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. என் வேலையை நான் செஞ்சேன். காரணம் இல்லாம யாரையும் நிறுத்தக் கூடாது. அது எனக்கும் சேர்த்துத்தான்.”

எனக்கும் சேர்த்துத்தான். அந்த வார்த்தையை அங்கேயே மனதில் முடிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்தால் அக்காவின் தட்டு அலமாரியில் கவிழ்த்தபடி இருக்கும். வயிறு எரியும். எரியும்போதெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொள்வேன், ஆறிவிடும்.

அவர் சனிக்கிழமை மதியம் கிளப்பில் சாப்பிடுவார். சாப்பாடு கொஞ்சம், மற்றது நிறைய. நாலு மணிக்கு அவரே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அந்தச் சாலைக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். சும்மா சொல்லக்கூடாது, போதையிலும் அவர் வண்டி நூல் பிடித்தாற்போலப் போகும்.

ஒரு சனிக்கிழமை என்னோடு நின்ற மீசைக்காரர் குதூகலமாக ஓடிவந்தார். “அண்ணே, நம்ம வக்கீல் வண்டி போகுது. பின்னாடி ஒரு லைட்டு எரியல. அது ஒன்னு போதும்ணே, சட்டப்படி மறிக்கலாம். ஊதச் சொன்னா ஆளு மாட்டினாரு.”

“இன்னிக்கு விடுய்யா,” என்றேன்.

“என்னண்ணே, உங்களுக்காகத்தான் சொல்றேன்.”

அவருக்குப் புரியவில்லை. மறித்தால் என்ன நடக்கும்? அபராதம். லைசென்ஸ் ஆறு மாதம் கைவிட்டுப் போகும். டிரைவர் வைத்துக்கொள்வார். அதுவா எனக்கு வேண்டும்? மறு சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனேன். பல்பை மாற்றினேன். ஆட்டம் கண்டிருந்த நம்பர் பலகையின் திருகையும் முடுக்கிவிட்டேன். அந்த வண்டியை மறிக்க மீசைக்காரருக்கோ வேறு எவருக்கோ ஒரு காரணமும் இருக்கக் கூடாது.

வக்கீல் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். செத்துப்போனால் அவருக்கு என்ன தெரியும்? அவர் நல்லபடியாக இருக்க வேண்டும், நெடுநாள் இருக்க வேண்டும். இருந்து தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வேறு யாராவது ஒருவர் போக வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அது யார் என்று நான் யோசிக்கவில்லை. யோசிப்பது என் வேலையில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஐந்து சனிக்கிழமை சீருடையோடு பைக்கில் அவர் பின்னால் போனேன். ஆறாவது சனிக்கிழமை நடந்தது உங்கள் கையில் உள்ள என் நோட்டில் இருக்கிறது. நாலு பன்னிரண்டுக்குக் கிளம்பினார். நாலு பதினேழுக்குப் பெட்ரோல் பங்க் அருகே நடுக்கோட்டைத் தொட்டார். தாண்டவில்லை, தொட்டார். ஒரு தடவை. இந்த முறை சரியாக எண்ணினேன். நாலு இருபதுக்குப் பேருந்து நிறுத்தம். ஐந்து பேர் நின்றிருந்தார்கள். நாலு பேர் ஒதுங்கிவிட்டார்கள். ஒருத்தி அறுந்துபோன செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்திருந்தாள்.

வக்கீலுக்கு நெற்றியில் சின்னக் கீறல்தான். நடைபாதையில் உட்கார்ந்து என்னையே வெறித்தார்.

“பின்னாடியேதானே வந்தே? ஏன்யா என்னை நிறுத்தல?”

“காரணம் இல்லீங்க,” என்றேன். “ஒரு தடவைதான் தொட்டுச்சு.”

அப்போதுதான் அவருக்கு நான் யாரென்று தெரிந்தது. அந்த முகத்துக்காகத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன். பொய் சொல்லமாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

செருப்பு அறுந்தவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். மறுநாள் ஸ்டேஷனுக்கு வந்தான். அவனும் அதையேதான் கேட்டான். “ஏன் சார் நிறுத்தல?” நோட்டை எடுத்து நேரத்தோடு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். “உங்களுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லையா சார்?” என்றான். இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். என் பெயரையும் எனக்கு எந்தச் சாலையில் வேலை என்பதையும் கேட்டு ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போனான்.

அவன் என்மேல் கறுவுவது நியாயமில்லை. நான் அந்தச் சாவுக்குக் காரணம் இல்லை. சட்டம் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி நடந்தேன், ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நோட்டில் ஒரு பக்கம் கிழிந்திருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். நாலு மணி பத்து நிமிடத்துப் பக்கம் அது. கிளப் வாசலில் எழுதியது. வக்கீல் தூணைப் பிடித்து, அடுத்த தூணைப் பிடித்து, தள்ளாடிக்கொண்டுதான் காருக்கு வந்தார். கதவருகே சாவி கைநழுவி விழுந்தது. குனிந்து தேடினார், அகப்படவில்லை. டயருக்கு அடியில் கிடந்தது. எடுத்துத் துடைத்து அவர் கையில் வைத்தேன். என் முகத்தைப் பார்க்காமலே “தேங்க்ஸ்பா” என்றார்.

விழுந்த பொருளை எடுத்துக் கொடுப்பது மரியாதை, ஐயா. அது காரணம் ஆகாது.