அப்பா ரதி, மகள் ராஜா

"ரதி வேசத்துக்கு எங்கப்பா கட்டுற சேலை, அம்மாவோட சேலைய விட நல்லாருக்கும்டி."

மலையகத்தில், வட்டவளை பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இது காதில் விழுந்ததும், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் நடித்தேன். பள்ளி நாடகங்களில் மரமாக மட்டுமே நின்றவனுக்கு அவ்வளவு நடிப்புத்தான் வரும். பேசியவள் ஏ.எல். எனும் உயர்தர வகுப்பு மாணவி. பக்கத்தில் வேறு பாடசாலைச் சீருடையில் தோழி.

"காமன் கூத்துலதானே? ரதியா ஆம்பளங்கதானே ஆடுவாங்க."

"அந்தக் காலத்து இங்கிலாந்து நாடகத்துலயும் அப்பிடித்தானாம். எங்க ஸ்கூல் நாடகத்தையும் அதே மாதிரி செய்வோம்னு இங்கிலீஷ் மிஸ் பொம்பளப் புள்ளைங்களுக்கு வேசமே இல்லன்னுட்டாங்க. நான் ராணி வசனம் பூரா பாடமாக்கி வச்சிருந்தேன்டி!"

"அழுதியா?"

"அழுதேன். அப்புறம் கேட்டேன், ஆம்பள ராணியா வரலாம்னா நான் ஏன் ராஜாவா வரக் கூடாது மிஸ்னு."

"அதுக்கு?"

"சிரிச்சிட்டு ராஜா வேசத்தக் குடுத்துட்டாங்க! வீட்டுல மீசைய ஒட்டிக்கிட்டு நடந்து காட்டினேன். அப்பாவுக்கு ஒரே பெரும. 'இனி நம்ம லயத்து வீட்டுல ஒரு ரதி, ஒரு ராஜா'ன்னாரு."

"அம்மா?"

"'ரதியும் ராஜாவும் போயி பீலிக் குழாயில தண்ணி புடிச்சிட்டு வாங்க'ன்னாங்க."