மடித்த குடையும் விரித்த குடையும்

குளக்கட்டுக் காற்றில் குளிர்ந்திருக்கும் இந்தக் கூட்டத்தின் தலைவரும், உன்னிச்சை உழவர்களின் கமக்காரர் சங்கத்தைக் கட்டிக் காப்பவரும், என் பழைய மாணவருமான அருமைநாயகம் அவர்களே, ஏறாவூரிலிருந்து மாங்காய் வாங்க வந்து, வந்த வேலையை மறந்து முன்வரிசையில் அமர்ந்துவிட்ட, அண்ணன் முறையான முத்தலிப் காக்கா அவர்களே, பெரியோரே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மாரே, அனைவருக்கும் இந்த ஓய்வுபெற்ற வாத்தியாரின் வணக்கம்.

குளக்கட்டு மருதமரத்தை வெட்டுவதா, விடுவதா? சற்று நேரத்தில் கை உயர்த்தித் தீர்மானிக்கப் போகிறீர்கள். அந்த மரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவாலுக்கு இங்கே கையில்லை. அதன் அடியில், கறையான் புற்றில் முளைக்கும் காளானுக்கும் கையில்லை. ஆகவே இருவருக்காகவும் நான் வந்திருக்கிறேன்.

வௌவாலையும் காளானையும் ஒப்பிடலாமா? ஏன் கூடாது? அது மடித்து மாட்டிய குடை. இது விரித்து நட்ட குடை. அது தலைகீழாய்த் தொங்கும். இது ஒற்றைக்காலில் நிற்கும். அதற்குச் சிறகுண்டு, இதற்கு இலைகூட இல்லை. ஆனால் வேலை? அது பழம் தின்று விதை தூவும்; இது காற்றிலே வித்துத்தூள் தூவும். இரண்டும் விதைப்பவை. உரமானியம் கேட்டு ஒருநாளாவது வரிசையில் நின்றனவா?

"மாங்காயத் திண்டுபோட்டெல்லா விதைக்கிது, சேர்" என்கிறார் முத்தலிப் காக்கா. மெய்தான் காக்கா. கூலி வாங்காமல் யார் விதைக்கிறார்?

அந்தக் கூலியைப் பொறுக்காத நம் தலைவர் போன மாதம் என்ன செய்தார்? யானை விரட்டக் கொடுத்த வெடியைப் பட்டப்பகலில் மருதமரத்தடியில் கொளுத்தினார். யானை என்றால் காட்டுக்கு ஓடும். இவையோ கருமேகமாய் எழுந்தன, சுற்றின, சுழன்றன, இறங்கின. எங்கே இறங்கின? பொறுங்கள், நான் சொல்லுமுன் சிரித்தால் எப்படி? தலைவர் வீட்டு மாமரத்தில்தான் இறங்கின. மூன்று நாள் விருந்துண்டு, மருதமரத்துக்கே திரும்பின. தலைவர் கோடரி தேடினார்.

போன வெள்ளி மழைக்குப் பிறகு அவர் வீட்டில் எனக்கும் சாப்பாடு. காளான் கறி. மூன்றாம் தரமும் கறி வாங்கிய தலைவர் மனைவி கேதீஸ்வரியிடம் கேட்டார்: "காளான் எங்கால புள்ள?"

கேதீஸ்வரி சொன்னார்: "நீங்க வெட்டப்போற மரத்தடியிலதான். கடைசிக் கறி, வடிவாச் சாப்பிடுங்க."

கவளம் பாதிவழியில் நின்றது. இன்றுவரை நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

அன்பர்களே, மரம் போனால் நிழல் போகும். நிழல் போனால் புற்றின் ஈரம் போகும். மேலே மடித்த குடையோடு கீழே விரித்த குடையும் போகும். மாங்காய்க்கு வழியா இல்லை? காய்க்குக் காய் கடதாசிப் பை கட்டுவோம். மாங்காய் நிரப்பக் கொண்டுவந்த பழைய சீமெந்துக் காகிதப் பைகளைத் தருவீர்களா, காக்கா?

"தாறன் சேர், ஓம்."

கேட்டீர்களா? மரம் நிற்கட்டும் என்போர் கை உயர்த்துங்கள். கேதீஸ்வரி, ஒரு கை போதும் அம்மா. ஆனால் தலைவரை அப்படிப் பார்க்காதீர்கள், பாவம். அதோ, அவர் கையும் எழுகிறது. வெடி கொளுத்திய அதே கை.

தொங்குவோர் சார்பிலும் முளைப்போர் சார்பிலும் உங்களுக்கு நன்றி. அடுத்த மழைக்கும் கறி உண்டு. வணக்கம்.