வெள்ளைப் படகில் நீல எழுத்து

ஃபைபர் படகில் பெயர் எழுதுவதைவிட, எழுதிய பெயரை அழிப்பதுதான் சிரமம். சொன்னால் சிரிப்பார்கள். தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போயிற்று, இதில் என்ன பெரிய வித்தை என்பார்கள். துடைத்தால் பெயிண்ட் போகும் சார், பெயர் போகாது. வருடக்கணக்கில் வெயிலில் கிடந்த படகு மங்கி, பழுப்பேறி இருக்கும். எழுத்து மூடியிருந்த இடம் மட்டும் புதுசு போல வெள்ளையாக இருக்கும். பெயிண்டைச் சுரண்டி எடுத்த பிறகும், சாய்வெயிலில் தள்ளி நின்று பார்த்தால் பெயரை வாசித்துவிடலாம். நாங்கள் அதை நிழல் எழுத்து என்போம்.

நிழலைப் போக்க எழுத்தைத் தேய்த்துப் பயனில்லை. சுற்றியிருக்கும் இடத்தைத்தான் வாட்டர் பேப்பர் என்கிற மெல்லிய உப்புத்தாளை வைத்து, தண்ணீர் விட்டு விட்டுத் தேய்க்க வேண்டும். பழசு எல்லாம் கரைந்து எழுத்தின் வெள்ளையோடு ஒன்றாகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் மேல்பூச்சு ஓட்டையாகி உள்ளே இருக்கும் நார் தெரிந்துவிடும். பொறுமை இல்லாதவன் இந்த வேலைக்கு வரக்கூடாது. எனக்குப் பொறுமை உண்டு. அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

தம்பியின் படகைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அது தம்பியின் படகு இல்லை, எங்கள் படகு. முதலில் அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினோம், சேர்ந்துதான் கடலுக்குப் போனோம். "இருவர்" என்று பெயர் வைத்ததும் நான்தான், நீலத்தில் இரண்டு பக்கமும் எழுதியதும் நான்தான். அப்புறம் என் முழங்கால் கெட்டுப்போனது. ஆடுகிற படகில் நிற்க முடியவில்லை. நான் கரையில் பட்டறை போட்டுக்கொண்டேன், அவன் தனியாகப் போய்வந்தான். விடியுமுன் போனால் இருட்டுவதற்குள் வந்துவிடுவான். வந்ததும் முதலில் பட்டறைக்குத்தான் வருவான். ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம். எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை, அவன் வீடுதான் எனக்கும் வீடு.

அவன் மனைவியைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். மாமா, மாமா என்று மரியாதையாகத்தான் இருந்தாள். குழந்தை பிறந்த பிறகுதான் ஒருநாள் சொன்னாள்: "ராத்திரியெல்லாம் இவ அழறா மாமா, உங்க தூக்கம் கெடுது. பட்டறை ரூம்ல ஃபேன் மாட்டித் தரச் சொல்றேன், அங்க நிம்மதியாப் படுங்க." நியாயமான பேச்சுதான். என் தூக்கம் கெட்டதாக நான் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஃபேனை மாட்டினான். படுத்தேன். சாப்பாடு தூக்குவாளியில் வந்தது. சூடாகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் தம்பி பட்டறையில் வந்து உட்கார்ந்தான். எதையோ கேட்க வந்திருக்கிறான் என்று அவன் காலை ஆட்டுவதிலேயே தெரிந்தது.

"அண்ணே, போட்டுக்குப் பாப்பா பேரு வைக்கலாம்னு பாக்குறேன்."

"இப்ப இருக்கிற பேருக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லண்ணே. இப்ப நான் ஒருத்தன்தானே போறேன். கேக்குறவங்க, இன்னொருத்தர் எங்கன்னு சிரிக்கிறாங்க. நீயே அழிச்சு நீயே எழுதிக் குடு. வேற எவன் கைலயும் குடுக்க மனசு வரல. அவகிட்ட சொல்லிடாத. எழுதி முடிச்சதும் கூட்டிட்டு வந்து காட்டுறேன்."

அவன் ஆசையாகத்தான் கேட்டான். கெட்ட எண்ணம் அவனுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. நானும் சரி என்றுதான் சொன்னேன். மனசுக்குள் வலித்தது என்பதை மறைக்கவில்லை. அந்தப் பெயரில் நான் பாதி. என்னை நானே தேய்த்து எடுக்க வேண்டும் என்று கேட்கிறான், அதுவும் காலை ஆட்டிக்கொண்டு.

வேலை என்று வந்தால் நான் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். படகைப் பட்டறைக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பெயரைச் சுரண்டினேன், நிழலையும் எடுத்தேன். முன்பக்கம் இருந்த பதிவு எண்ணை விட்டுவைக்கச் சொல்லியிருந்தான். புது எழுத்துக்குப் பக்கத்தில் பழைய எண் அழுக்காகத் தெரியும் என்று அதையும் எடுத்தேன். படகில் இருக்கிற சின்ன அறையின் கூரையில் இருந்த ஆரஞ்சுப் பட்டையும் உரிந்துகொண்டிருந்தது. மேலிருந்து பார்ப்பவர்களுக்கு அடையாளம் தெரிவதற்காக அடிப்பது அது. அதையும் எடுத்தேன். எல்லாவற்றையும் புதுசாகப் போடுவதாகத்தான் இருந்தேன். மற்றவர்கள் படகாக இருந்தால் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டேன்.

பார்த்துவிட்டு அவன் சிரித்தான். "என்னண்ணே, மொட்டையடிச்ச மாதிரி இருக்கு."

தேய்த்த இடத்துக்குப் பாலீஷ் போட்ட மெழுகை நன்றாகக் கழுவிக் காயவிட்டால்தான் பெயிண்ட் பிடிக்கும். ரெண்டு நாள் பொறு என்றேன். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடல் நன்றாக இருந்தது, ஏற்கெனவே ஒரு வாரமாகச் சும்மா இருந்தான். பேர் இல்லாவிட்டால் மீன் வராதா என்று கேட்டான். மறுநாள் விடியுமுன் நானும் சேர்ந்து தள்ளித்தான் படகை இறக்கினோம். போகாதே என்று சொல்லியிருக்கலாம். எங்களுக்குள் அப்போது பேச்சு கொஞ்சம் குறைந்திருந்தது.

அன்றைக்கு இருட்டியும் அவன் வரவில்லை. என்ஜின் நின்றுபோயிருக்கிறது. அதில் நான் கை வைக்கவில்லை, அதை நீங்களே பிரித்துப் பார்த்துவிட்டீர்கள்.

காலையில் கடலோரக் காவல்படையின் தேடுதல் அலுவலகத்துக்கு நானும் அவளும் போனோம். அவள் இடுப்பில் குழந்தை. அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். படகின் அடையாளம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "மாமாவுக்குத்தான் தெரியும், அவங்க எழுதினதுதான்" என்றாள்.

நான் சொன்னேன். வெள்ளைப் படகு, இரண்டு பக்கமும் நீலத்தில் இருவர் என்று எழுதியிருக்கும், முன்னால் பதிவு எண், கூரையில் ஆரஞ்சுப் பட்டை. பழக்கதோஷம் என்றுதான் நினைக்கிறேன். எத்தனையோ வருடமாக அப்படித்தானே சொல்லி வந்தேன். சொல்லி முடித்த பிறகு ஞாபகம் வந்தது. அதற்குள் அவர் ஒயர்லெஸ்ஸில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். குறுக்கே பேசுவது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல், தேடப் போன விமானத்திலிருந்து தகவல் வந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளையா ஒரு போட்டு தெரியுதாம். ஆனா பேரும் இல்ல, நம்பரும் இல்ல, மேல பட்டையும் இல்லயாம். உங்களுதா இருக்குமா?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். இல்லை சார், எங்கள் படகில் பெயர் இருக்கும் என்றேன்.

"ஒரு ஆள் கைய ஆட்டுறாராம்."

"விமானத்தப் பாத்தா கடல்ல எல்லாருமே கைய ஆட்டுவாங்க சார்."

அதுவும் உண்மைதான். நானும் தம்பியும் எத்தனை தடவை ஆட்டியிருக்கிறோம். அவர் தலையசைத்தார். எரிபொருள் குறைவாக இருந்ததாம், அங்கேயே வட்டமடித்து அதை வீணாக்காமல் விமானத்தை வேறு பக்கம் தேடப் போகச் சொன்னார். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் எனக்கு இலை போடாத குறையாகச் சோறு போட்டாள். தட்டில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க சாப்பிடுங்க மாமா, நீங்களும் விழுந்துட்டா எங்களுக்கு யார் இருக்கா" என்றாள். வெகுநாள் கழித்து அந்த வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன்.

பல நாள் கழித்து வெகுதூரத்தில் ஒரு பெரிய படகின் ஆட்கள் அதைக் கண்டு இழுத்து வந்தார்கள். தம்பி படகு அறைக்குள் படுத்திருந்தான். தண்ணீர் கேனை வெட்டித் திறந்து உள்ளே நக்கியிருக்கிறான் என்று சொன்னார்கள். எனக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டாம். நான் அழவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காரியங்கள் முடிந்ததும் படகை என் பட்டறைக்கே கொண்டுவந்து விட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். அதே நீலம், அதே அளவு. கையே பழைய வளைவுகளைக் கண்டுபிடித்துக்கொண்டது.

கடைசி எழுத்தை முடித்த அன்றைக்கு அவள் குழந்தையோடு வந்து நின்றாள். படகைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். கணவன் கடைசியாக இருந்த இடம், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்த நான் திரும்புவதற்குள், குழந்தை எட்டிப் பெயரின் மேல் கையை வைத்துவிட்டது. உள்ளங்கை முழுக்க நீலம். அவள் முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள்.

"ஏன் மாமா ஈரமா இருக்கு?"

உப்புத் தண்ணீரில் உரிந்துபோனதால் மறுபடி எழுதினேன் என்றேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். இழுத்து வந்தவர்களிடம் போய் விசாரித்திருக்கிறாள். படகில் ஒரு எழுத்துகூட இல்லை, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது அவள் கத்தவில்லை, என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கைய ஆட்டினது அவர்தானா மாமா?"

விமானத்தில் நான் இல்லை, பார்க்காததை எப்படிச் சொல்வது? மறுநாள் உங்கள் ஆட்கள் வந்தார்கள். நானும் மறுபேச்சு பேசாமல் வந்துவிட்டேன்.

ஆமாம் சார், அது எங்கள் படகு என்று எனக்குத் தெரியும். ஒயர்லெஸ்ஸில் பேர் இல்லை என்று சொன்னபோதே தெரியும். கடலில் அந்த மாதிரி ஒரு சுத்தமான வெள்ளை வேறெங்கும் இருக்க முடியாது, அது என் கை வேலை. கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். ஆனால் தப்பான அடையாளம் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். குழந்தையின் கை பட்ட இடத்தையும் அன்றைக்கே சரிசெய்துவிட்டேன், எண்ணையும் பட்டையையும்கூடப் போட்டுவிட்டேன், இந்நேரம் காய்ந்திருக்கும். பட்டறைச் சாவி உங்கள் மேசையில்தான் இருக்கிறது. போய்ப் பாருங்கள், நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடக் குறையாமல் இருக்கும்.